ஏழு நாள் சக்கரம்



“நான் பிறருக்குக் கற்றுக் கொடுத்தது” என்ற தலைப்பில் எழுதச் சொல்லித் தமிழ் ஐயா சொன்னார்கள். எங்கள் வகுப்பில் நிறையப் பேர் நீச்சல், கோலம், சைக்கிள் என்று எழுதுகிறார்கள். நான் ஒரு அட்டைச் சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அந்தச் சக்கரத்தில் இருக்கிறது. அதனால் எல்லாரும் கடைசி வரை படிக்க வேண்டும்!

முன்னுரை

எங்கள் ஆலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞாயிறு பள்ளி நடக்கும். மே மாதம் லீவு விட்டதும் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். சுருக்கமாக வி.பி.எஸ். என்போம். பாட்டு, கதை, கைவேலை, கடைசியில் சுண்டல், எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்பு முடித்தவர்களை டீச்சருக்கு உதவியாகச் சேர்த்துக் கொள்வார்கள். 2025 மே மாதம் நான் அப்படிச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை படிக்கும் 23 பிள்ளைகள்.

“ஞாயிறு பள்ளின்னா என்ன, அங்கயும் பரீட்சை உண்டா?” என்று என் தோழி கேட்டாள். பரீட்சை உண்டு. ஆனால் அது தொடங்கிய கதை வேறு. இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் பத்திரிகை நடத்திய இராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் 1780-களில் இதைப் பரவலாக்கினார். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போவார்கள். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளில் அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வேதாகமம்தான் வாசிப்புப் புத்தகம். வேலைக்குப் போன பிள்ளைகளுக்காக வந்த பள்ளி இது என்று தெரிந்ததும் எனக்கு அதன் மேல் மரியாதை கூடிவிட்டது.

என்ன பாடம்?

எங்களுக்கு வந்த பாடம் “தேவனின் படைப்பு”. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரமும் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கமும். ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது கதை. பிறந்ததில் இருந்து கேட்கிற கதை என்பதால் பிள்ளைகள் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள். “தெரியும்க்கா, தெரியும்க்கா” என்று கத்துவார்கள். “சரி, நாலாம் நாள் என்ன?” என்று கேட்டால் ஒருத்தன் யானை என்பான், ஒருத்தி ஆதாம் என்பாள்.

டீச்சரம்மா சொன்னார்கள்: “வாயால சொன்னா காதோட போயிரும் மக்கா. கையால செய்ய வை. வரிசை தானா நிக்கும்.” அப்படித்தான் ஏழு நாள் சக்கரம் வந்தது.

தேவையான பொருள்கள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், சின்ன எவர்சில்வர் தட்டு (14 செ.மீ. விட்டம்), கோணமானி, கத்தரிக்கோல், மைதா மாவுப் பசை, சட்டைப் பொத்தான் மூன்று, தடித்த நூல், அடுப்புக் கரி, பஞ்சு, நீல நிற சோப்புக் கவர், தேரி மணல், பனை ஓலைத் துண்டு, மஞ்சள் தூள், டீத்தூள் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாள், கோழி இறகு, முத்திரை மை, சிவப்புப் பேனா.

காசு கொடுத்து வாங்கியது சிவப்புப் பேனா மட்டும்தான்.

பத்திரிகை அட்டைக்காகத் தெருத் தெருவாகப் போனோம். எல்லா வீட்டிலும் பழைய பத்திரிகை ஒரு கட்டு பீரோ மேல் இருக்கிறது. மூன்று மதத்துக் கல்யாணமும் அதில் இருந்தது. “சாமி படம், வசனம் உள்ள பக்கத்தைக் கத்தரிக்கக் கூடாது. அதை எடுத்துத் தனியா வைங்க. வெறும் அட்டையை மட்டும் எடுங்க” என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பனை ஓலை தந்தது எங்கள் தெருவில் பனை ஏறுகிற தாத்தா. அவர் எங்கள் சபை இல்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து ஓலையில் மீன் வெட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

செய்முறை

1. தட்டை அட்டை மேல் கவிழ்த்து, சுற்றி வரைந்து, இரண்டு வட்டம் வெட்ட வேண்டும்.

2. ஒரு வட்டத்தை ஏழு பாகமாகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் கணக்கு வருகிறது. வட்டத்துக்கு 360 டிகிரி. அதை ஏழால் வகுத்தால் மீதி இல்லாமல் போகாது. அதனால் ஆறு பாகத்துக்கு 51 டிகிரி வைத்தோம். 51 × 6 = 306. மீதி 54. ஆக ஏழாம் நாளுக்கு மட்டும் மூன்று டிகிரி கூடுதல். “லீவு நாள்தானே, பெருசா இருக்கட்டும்” என்று ஒரு வாண்டு சொன்னான். எல்லாரும் கை தட்டினோம்.

3. கோணமானி இல்லாதவர்கள் வட்டத்தை மூன்று தடவை பாதி பாதியாக மடித்தால் எட்டு பாகம் கிடைக்கும். எட்டாவது பாகத்தில் பேர் எழுதிக் கொள்ளலாம்.

4. இன்னொரு வட்டத்தில் ஒரே ஒரு பாகத்தை ஜன்னல் மாதிரி வெட்டி எடுக்க வேண்டும். நடுப்புள்ளியை வெட்டிவிடக் கூடாது.

5. இரண்டு வட்டத்துக்கும் நடுவில் ஊசியால் துளை போட்டு, மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான் வைத்து நூலால் கோக்க வேண்டும். மணலும் பஞ்சும் தடிப்பாக இருப்பதால் மேல் அட்டை உரசும். அதற்காக இரண்டு அட்டைக்கும் இடையில் மூன்றாவது பொத்தான். நூலை ரொம்ப இறுக்கினால் சக்கரம் சுற்றாது. ரொம்பத் தளர்த்தினால் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடும்.

மேல் அட்டையைச் சுற்றினால் ஜன்னல் வழியாக ஒவ்வொரு நாளாகத் தெரியும். கோப்பதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ஏழு பாகத்திலும் ஒட்ட வேண்டியதை ஒட்டிக் காயவைக்க வேண்டும்.

ஏழு நாளும் என்ன ஒட்டினோம்?

முதல் நாள்: வெளிச்சம். அந்தப் பாகம் முழுக்கக் கரி பூசி, ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தினோம். மேசையில் வைத்துப் பார்த்தால் வெறும் கறுப்பு. தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் குபுகுபுவென்று வரும். பிள்ளைகள் “ஓ” போட்ட இடம் இதுதான்.

இரண்டாம் நாள்: ஆகாயவிரிவு. மேலே உள்ள தண்ணீரையும் கீழே உள்ள தண்ணீரையும் பிரித்தது. மேலே மேகத்துக்குப் பஞ்சு, கீழே நீல சோப்புக் கவர், நடுவில் சும்மா இடம்.

மூன்றாம் நாள்: தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து, காய்ந்த தரை தெரிந்தது. புல், பூண்டு, மரம் முளைத்தன. பசை தடவித் தேரி மணலைத் தூவினோம். நம்ம பக்கத்துச் செம்மண் தரை அப்படியே வந்துவிட்டது. அதன் மேல் பச்சை ஓலையைக் கீறிப் பனைமரம் ஒட்டினோம்.

நான்காம் நாள்: சூரியன், சந்திரன், நட்சத்திரம். பசையில் மஞ்சள் தூள் கலந்தால் சூரியன். வெள்ளித்தாளில் மற்றது எல்லாம்.

ஐந்தாம் நாள்: மீன், பறவை. ஓலை மீனும், சின்னக் கோழி இறகும்.

ஆறாம் நாள்: மிருகங்களும் மனிதனும். மிருகம் அவரவர் இஷ்டம். பத்துப் பேருக்கு மேல் ஆடுதான் வரைந்தார்கள். மனிதனுக்கு மட்டும் வரையக் கூடாது என்றோம். கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றச் சொன்னோம். அதில் கண், வாய், கை, கால் போட்டால் ஆள் ரெடி. ஒருத்தர் ரேகை மாதிரி இன்னொருத்தர் ரேகை இருக்காது என்று சொன்னதும், பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பிடித்து உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

ஏழாம் நாள்: ஒன்றும் ஒட்டக் கூடாது. வெறும் அட்டை. பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. “ஒரு பூவாவது வரையட்டுமாக்கா?” என்று கெஞ்சினார்கள். டீச்சரம்மா விடவில்லை.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள். “சூரியன் நாலாம் நாள்தான வருது. அப்ப முத நாள் வெளிச்சம் எங்க இருந்து வந்துச்சு? சூரியன் இல்லாம மரம் எப்படி மொளைக்கும்?” எனக்கும் நம்ம அறிவியல் பாடத்தில் படித்த ஒளிச்சேர்க்கைதான் ஞாபகம் வந்தது. டீச்சரம்மா கோபப்படவே இல்லை. “லைட்டு எப்படி எரியுதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்க. நல்லாப் படி. லைட்டப் போட்டது யாரு, எதுக்குப் போட்டாருன்னு சொல்லுறது இந்தப் பாடம். ரெண்டு நோட்டு வச்சிக்கோ” என்றார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள். அவள் முழுதாக ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை. ஆனால் மறுநாளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

டிக் கணக்கு

இந்த அதிகாரத்தில் படைத்ததைத் தேவன் நல்லது என்று கண்டதாகத் திரும்பத் திரும்ப வரும். அதை எப்படிச் சக்கரத்தில் காட்டுவது? “நோட்டுத் திருத்தும்போது டீச்சர் என்ன போடுவாங்க?” என்று கேட்டேன். “டிக்!” என்றார்கள். அதனால் எங்கெல்லாம் நல்லது என்று வருகிறதோ, அந்த நாளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் விரல் வைத்துத் தேடினார்கள்.

முதல் நாளுக்கு ஒன்று. மூன்றாம் நாளுக்கு இரண்டு. நான்காம், ஐந்தாம் நாளுக்கு ஒவ்வொன்று. ஆறாம் நாளுக்கு இரண்டு, அதில் கடைசி டிக் “மிகவும் நல்லது”. மொத்தம் ஏழு. ஏழாம் நாளுக்கு டிக் கிடையாது. அது ஓய்வு நாள், அதற்கு ஆசீர்வாதம் தனியாக உண்டு.

இரண்டாம் நாளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் நாளுக்கு டிக் இல்லை! நாங்கள் மூன்று தடவை தேடினோம். வசனத்தில் இல்லவே இல்லை.

ஒரு தம்பியின் கதை

எங்கள் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் இருந்தான். பேர் வேண்டாம். தம்பி என்றே எழுதுகிறேன். அவன் வீடு முன்னால் ஏரல் பக்கம் ஆற்றங்கரை ஓரம் இருந்தது. இப்போது நம்ம ஊரில் பாட்டி வீட்டில் இருக்கிறான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை விட அது அதிகம். தாமிரபரணி பெருகி ஊருக்குள் வந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் மாட்டிக் கொண்டார்கள். அந்த ராத்திரி தம்பி குடும்பமும் பக்கத்து மச்சு வீட்டு மொட்டை மாடியில் ஏறி இரண்டு நாள் இருந்தார்களாம். கீழே கட்டியிருந்த ஆடும் அதன் குட்டியும் போய்விட்டன. அந்தக் குட்டிக்குப் புல் கொடுத்து வளர்த்தவன் அவன்தான்.

சக்கரம் செய்தபோது அவன் முதல் நாளை அழகாகச் செய்தான். இரண்டாம் நாள் வந்ததும் சோப்புக் கவரைத் தள்ளி வைத்துவிட்டான்.

“எக்கா, நான் தண்ணி ஒட்டமாட்டேன்.”

“ஏம்ல?”

“அது நல்லது இல்ல.”

அவ்வளவுதான் சொன்னான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி “கடவுள் படைச்சது எல்லாம் நல்லதுதாம்ல, பாட்டு இருக்குல்ல” என்றாள். அவன் பேசாமல் மூன்றாம் நாளுக்குத் தாவி மணலைத் தூவ ஆரம்பித்தான். டீச்சரம்மா என்னிடம், “விட்டுரு. வற்புறுத்தாத. இடத்தை மட்டும் காலியா வை” என்றார்கள்.

அடுத்த நாள்தான் டிக் போடும் வேலை. எல்லாரும் “ரெண்டாம் நாளுக்கு டிக் இல்ல, ரெண்டாம் நாளுக்கு டிக் இல்ல” என்று கத்தியபோது அவன் எழுந்து வந்தான்.

“நெசமாவே இல்லியா?”

அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். வேதாகமத்தைக் கையில் கொடுத்து ஆறாம் வசனம் முதல் எட்டாம் வசனம் வரை காட்டினேன். ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தி வாசித்தான். பிறகு “இல்லதான்” என்றான். “அப்ப கடவுளும் அதுக்கு டிக் போடல.”

அன்றைக்கு எங்கள் ஐயர் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார்கள். (எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) டீச்சரம்மா அவர்களிடம் கேட்டார்கள். 11-ஆம் நூற்றாண்டில் ராஷி என்று ஒரு யூத அறிஞர் இருந்தாராம். அவர் இதே கேள்விக்கு விளக்கம் எழுதியிருக்கிறாராம். தண்ணீரின் வேலை இரண்டாம் நாளில் முடியவில்லை. மூன்றாம் நாள் அது ஓரிடத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிந்தது. முடியாத வேலையை நல்லது என்று சொல்லவில்லை. அதனால்தான் மூன்றாம் நாளுக்கு இரண்டு தடவை வருகிறது என்று ஐயர் சொன்னார்கள். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, “தண்ணி அதோட எடத்துல போய் நின்ன பெறகுதான் டிக் கெடைச்சுது, பாத்தியா” என்றார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சோப்புக் கவரை எடுத்து வெட்டி, இரண்டாம் நாளில் அவனே ஒட்டினான். பஞ்சும் வைத்தான். டிக் போடவில்லை. மூன்றாம் நாளில் இரண்டு டிக் போட்டான். பேனா அட்டையில் குழி விழுகிற அளவுக்கு அழுத்திப் போட்டான்.

கதை இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பத்தாம் நாள் காலையில் வந்து கேட்டான்: “எக்கா, அப்ப அன்னைக்கு மட்டும் தண்ணி ஏன் அதோட எடத்துல நிக்கல?”

டீச்சரம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்: “ரெண்டாம் அதிகாரத்துல தோட்டத்தப் பண்படுத்தவும் காக்கவும் மனுசன வச்சாருன்னு வருது மக்கா. ஆறு, குளம், வாய்க்கால் எல்லாம் தண்ணியோட வீடு. அதப் பாத்துக்கிடற வேலை நம்மளோடது. குளம் தூந்து போச்சுன்னா தண்ணி எங்க போய் நிக்கும்?”

இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “குளத்தத் தூர்வாரணும், அது சரி. ஆனா ஒரே நாள்ல 95 செ.மீ. பேஞ்சா எந்தக் கரை தாங்கும்? அந்தச் சின்னப் பயகிட்ட, ஏதோ நாம செஞ்ச குத்தத்துக்குத்தான் ஆட்டுக்குட்டி போச்சுன்னு ஆயிரக் கூடாது” என்றார். அப்பா சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அடுத்த ஞாயிறு அதை டீச்சரம்மாவிடம் சொன்னேன். அவர்கள் தம்பியைக் கூப்பிட்டு, “ஒங்க வீட்டு மேலயும் ஒன் மேலயும் ஒரு குத்தமும் இல்ல மக்கா” என்று சொன்னார்கள். அவன் “தெரியும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

பவனி

கடைசி நாள் சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் பவனி போனோம். ஓலை தந்த தாத்தா வாசலில் நின்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு “இது நீங்க வெட்டுன மீனு, இது ஒங்க ஓல” என்று காட்டினார்கள். தோழியின் அம்மா ஒரு சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்க வீட்டு மூத்தவ கல்யாணப் பத்திரிகல்லா!” என்று சிரித்தார். தம்பி எனக்கு முன்னால் நடந்தான். அவன் ஜன்னலை இரண்டாம் நாளில் இருந்து மூன்றாம் நாளுக்கும், மூன்றாம் நாளில் இருந்து இரண்டாம் நாளுக்கும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே வந்தான். நூல் தேய்ந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை.

முடிவுரை

சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுப்பது நேரம் போக்குவதற்கு என்று நான் முன்பு கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி இல்லை என்று அந்தப் பத்து நாளில் தெரிந்தது. கதையை வாயால் மட்டும் சொல்லியிருந்தால், தம்பி மற்றவர்களோடு சேர்ந்து “எல்லாம் நல்லது” என்று பாடிவிட்டுப் போயிருப்பான். அவன் மனசில் இருந்தது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நீலக் காகிதத்தைக் கையில் எடுத்து ஒட்ட வேண்டும் என்று வந்தபோதுதான் அவன் மாட்டேன் என்றான். அவன் மாட்டேன் என்றதால்தான் நாங்களும் வசனத்தை மூன்று தடவை வாசித்தோம். டீச்சரம்மாவே, இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தும் இரண்டாம் நாளை இப்போதுதான் கவனித்ததாகச் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிற தோழிகளுக்கு நான் சொல்லுவது ஒன்றுதான். ஒரு பிள்ளை ஒட்டமாட்டேன் என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். நீங்களே ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தச் சக்கரத்தை நம் பள்ளியிலும் செய்யலாம். நீர்ச்சுழற்சி, தமிழ் மாதங்கள், ஐவகை நிலம், எதற்கும் பொருந்தும். தமிழ் மாதத்துக்குப் பன்னிரண்டு பாகம், ஒவ்வொன்றும் சரியாக 30 டிகிரி, மீதி வராது. ஐவகை நிலத்துக்கு 72 டிகிரி. மாதிரிச் சக்கரம் ஒன்று 9-ஆம் வகுப்பு ஜன்னலில் தொங்குகிறது. பார்க்க விரும்புபவர்கள் மதிய இடைவேளையில் வரலாம். செய்ய விரும்புபவர்கள் ஒரு தட்டும், வீட்டில் உள்ள பழைய பத்திரிகையும் கொண்டு வரவும். பொத்தான் நான் தருகிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி